பெயர் சொல்லிக் கூப்பிடும் குகை

துண்டு காயவில்லை.

யூகோ வீசும் நாளில் துணி காயாது என்று பெரினாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கிலிருந்து அந்த ஈரக்காற்று வந்து தீவின் மேல் உட்கார்ந்துவிட்டால் ஜாடியில் உப்பு கசியும், ஜன்னல் ஊதிக்கொண்டு மூட மறுக்கும், ரொட்டி பூசணம் பிடிக்கும், நல்ல மனுஷனும் பெண்டாட்டி மேல் வள்ளென்று விழுவான். யூகோ நாளில் நிலம் விற்காதே, சம்பந்தம் பேசாதே, எந்த முடிவும் எடுக்காதே என்பது அந்தத் தீவில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதெல்லாம் சரி. ஆனால் இந்தத் துண்டு வெறுமனே காயாமல் இருக்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் காலையில் அவளே முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டது. பக்கத்தில் தொங்கிய போர்வையும் தலையணை உறையும் லேசாக நமுத்திருந்தன, அவ்வளவுதான். இது மட்டும் இப்போதுதான் கடலிலிருந்து எடுத்த மாதிரி தொங்கியது. கீழே கல்தரையில் தண்ணீர் தேங்கி, சுவரோரமாக ஓடி, வாசற்படி வரை போயிருந்தது. அந்த முற்றத்தில் சரிவு கடல் பக்கம்தான். எத்தனை வருஷமாகக் கழுவி விடுகிறாள், தெரியாதா? தண்ணீர் மேட்டில் ஏறி வீட்டுக்குள் போயிருந்தது.

துண்டை எடுத்து மறுபடி பிழிந்தாள். கை விறைத்தது. ஆகஸ்ட் மாதத் தண்ணீருக்கு அந்தக் குளிர் கிடையாது. முகர்ந்து பார்த்தாள். வெயில் பட்ட கடலின் வாடை இல்லை. வெயிலே படாத கல், அழுகின பாசி, அதற்கடியில் லேசாக டீசல். "சனியன்," என்று முணுமுணுத்துவிட்டு அதைத் திரும்பக் கொடியிலேயே போட்டாள்.

அது மாடி அறையில் தங்கியிருக்கும் பிளாங்காவின் துண்டு. செக் நாட்டுக்காரி, முப்பது வயசு இருக்கும், தனியாக வந்திருந்தாள். கோடை முழுக்க இப்படி வெளியூர்க்காரர்களுக்கு அறை விட்டுத்தான் பெரினாவின் பிழைப்பு ஓடுகிறது. வீடு கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அலை பெரிதானால் முற்றத்துச் சுவரில் வந்து மோதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே ஜன்னல் பலகைகளை இழுத்துச் சாத்திக்கொண்டு தூங்கும். பிளாங்கா கடற்கரைக்குப் போயிருந்தாள். பெரினா சமையலறையில் நின்று மத்தி மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். குடலை உருவிப் போடும் சத்தம், எங்கோ ஒரு படகு கயிற்றை இழுத்து முனகும் சத்தம், காற்றில் பைன் மரங்கள் நெட்டி முறிக்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே தலைக்கு மேலே, மாடித் தரையில், ஈரக்கால் ஒன்று மெதுவாக எட்டு வைத்தது.

சப். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. சப்.

"பிளாங்கா, வந்துட்டியாம்மா?"

கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். படிகள் நனைந்திருந்தன. கால் தடம் என்று சொல்ல முடியாது. எதையோ இழுத்துக்கொண்டு போன மாதிரி அகலமான ஈரம். அறைக் கதவு திறந்தே இருந்தது. சாத்திய ஜன்னல் பலகைகளின் இடுக்கில் சாம்பல் நிற வெளிச்சம் கோடு கோடாக விழுந்திருந்தது. கட்டிலில் பிளாங்கா படுக்கும் பக்கம் காய்ந்து மடிப்புக் கலையாமல் இருந்தது. மறுபக்கம் மெத்தை ஊறிப் பள்ளமாகியிருந்தது, ஓர் ஆள் நீளத்துக்கு.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். மழை பெய்து மாதக்கணக்காகிறதே.

அப்போது கட்டில் கிறீச்சிட்டது. பள்ளம் நகர்ந்தது. படுத்திருப்பவன் கதவுப் பக்கமாகத் திரும்பிப் படுத்தால் எப்படி நகருமோ, அப்படி.

பெரினா படியிறங்கினாளா, விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது. சமையலறைக்கு வந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றபோது முழங்கால் எரிந்தது. கையில் இன்னும் மீன் செதில்.

பிளாங்கா வெயிலில் சிவந்து, தோளில் பையோடு பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாஷையும் இவள் பாஷையும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. பாதி புரியும், மீதியைக் கை சொல்லும்.

"பெரினா அத்தை, என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க?"

"யூகோம்மா. தலைவலி. நீ உக்காரு, காபி போடறேன். மெத்தை ஏதும் ஈரமா இருந்துச்சா ராத்திரி?"

"அட, நீங்களும் பாத்துட்டீங்களா? எனக்கே வெக்கமா இருந்துச்சு. இந்தப் புழுக்கத்துல வேத்து ஊத்துது போல. ஆனா குளிருது, அத்தை. வேர்வை குளிருமா?"

"எப்பலேர்ந்து?"

"முந்தாநாள்லேர்ந்து. குகைக்குப் போயிட்டு வந்தேன்ல, அன்னிக்குத்தான்." பிளாங்காவுக்கு வாய் கொள்ளவில்லை. "கோட்டை மேல ஏறினேன், பாறையிலேர்ந்து குதிச்சேன், கரியில சுட்ட கணவாய் தின்னேன், எல்லாம் ஒண்ணுமில்ல, அந்தக் குகைதான்! உள்ள தண்ணி நீலமா எரியுது. அந்தப் படகுக்காரர் ஷிமுன் இருக்காரே, சரியான தமாஷ் பேர்வழி. உள்ள போனதும் என்ஜினை அணைச்சுட்டு, 'இங்க ஒருத்தன் முழுகிப் போயிட்டான், பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுப்பான்'னார். நாங்க எல்லாரும் சேந்து கத்தினோம் பாருங்க, லோவ்ரே! லோவ்..."

"வாயை மூடு!"

பெரினா கத்தியதில் பிளாங்காவின் கையிலிருந்த கோப்பை ஆடியது. ஜன்னலுக்கு வெளியே, சுவருக்குக் கீழே, கடல் ஒரு தடவை சளப்பென்றது.

லோவ்ரே பெரினாவின் தம்பி. போன கோடை முடிகிற நேரத்தில் அந்தக் குகையில்தான் போனான். உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவன் பெயரை அந்தத் தீவில் கடல் காதுபடச் சொல்ல மாட்டார்கள். "நம்ம ஆளு" என்பார்கள், "அந்தப் பையன்" என்பார்கள். தண்ணீரில் விடப்பட்டவன் தன்னை ஏற்றிக்கொள்ளப் படகு வரும் என்று காத்துக்கொண்டே இருப்பானாம். பெயர் காதில் விழுந்தால் படகு வந்துவிட்டது என்று எழுந்து, கூப்பிட்ட குரலோடு ஏறி வந்துவிடுவானாம். வீடு கடலோரம் என்பதால் பெரினா அந்தப் பெயரைத் தன் அடுப்படியில்கூட உச்சரித்ததில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இந்தப் பாவி ஷிமுன் அதை வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் கோரஸ் பாட வைக்கிறான்.

"அவன் கூப்பிட்டானா?" என்றாள்.

"யாரு?"

"ஷிமுன். அவன் வாயால அந்தப் பேரைச் சொன்னானா?"

பிளாங்கா யோசித்தாள். "இல்ல அத்தை. சுத்தி வளைச்சுத்தான் பேசினார். பேரை ஒரு அட்டையில எழுதித் தூக்கிக் காட்டினார். ஒரு ஆளு அவரைப் பாத்து நீங்களும் கூப்பிடுங்கன்னதுக்கு, தொண்டை சரியில்லைன்னுட்டார்."

தொண்டை சரியில்லையாம்! அன்றைக்கும் அவன் தொண்டை சரியில்லைதான். லோவ்ரே குகைக்கு வெளியே குதித்து, பாறைக்கு அடியிலிருக்கும் துவாரம் வழியாக நீந்தி, உள்ளே படகுக்குப் பக்கத்தில் திடீரென்று தலையைத் தூக்குவான். பெண்கள் வீலென்று அலறிவிட்டுக் கை தட்டுவார்கள். அதுதான் அவன் வேலை. அன்று அலை ஏறியது. ஷிமுன் படகைக் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டான். "கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன், பதிலே இல்லை" என்று போலீசிடம் அழுதான். அந்தப் படகில் இருந்த ஜெர்மன்காரக் கிழவர் பெரினா வீட்டில் தங்கியிருந்தவர். ஊருக்குக் கிளம்பும் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ஷிமுன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், குரல் வந்த திசையில் லோவ்ரே வந்திருப்பான். அது பெரினாவுக்குத் தெரியும். ஷிமுனுக்கும் தெரியும்.

ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. கோடை வியாபாரத்துக்குப் படகு வேண்டுமே.

பிளாங்கா குளிக்கப் போனதும் பெரினா மறுபடி மாடிப்படியில் கால் வைத்தாள். பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, திறந்திருந்த அந்தக் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"டேய். நீதானேடா?"

உள்ளே சொட்டுவது நின்றது.

"அந்தப் பொண்ணு தெரியாமக் கூப்பிட்டுட்டா. அவளை விட்டுடு. நீ வர வேண்டியது இந்த வீட்டுக்கில்ல. போய் அங்கேயே இரு. நாளைக்கு அவன் வாயாலயே உன்னைக் கூப்பிட வைக்கிறேன்."

பிறகு படியில் ஈரம் இறங்கி வந்தது. சத்தமே இல்லை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குளிர்ந்த கனம் ஒன்று அவள் வயிற்றை உரசிக்கொண்டு, டீசலும் பாசியும் நாறிக்கொண்டு, கீழே போனது. முற்றத்தில் கொடி ஆடியது. அவள் போய்ப் பார்த்தபோது துண்டு நமுத்திருந்தது, மற்ற துணிகளைப் போலவே.

யூகோ நாளில் முடிவு எடுக்கக் கூடாது என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

படகுத்துறையில் ஷிமுன் தன் மரப்படகின் பலகைகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். லோவ்ரே வயசுதான், ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள். தொப்பை போட்டிருந்தது. எதிரே காபிக் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கடலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா!" என்றான், கொஞ்சம் அதிகமான சந்தோஷத்தோடு. "எங்க, இந்தப் பக்கம்?"

"நாளைக்கு உன் படகுல எனக்கு ஒரு இடம் வேணும்."

"குகைக்கா? உனக்கு எதுக்குக்கா அதெல்லாம்?"

"அவன் போன இடத்தை நான் கண்ணால பாத்ததில்ல. ஒரு பூ போடணும். அதுகூட நான் பண்ணக் கூடாதா?"

அவள் இதைக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஷிமுன் உதட்டை நக்கினான்.

"பூ போடறதை யாருக்கா வேணாம்பாங்க? வா. காலையிலேயே போயிட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம், காத்து ஏறதுக்கு முன்னாடி."

"யூகோ முத்தப் போகுதுடா ஷிமுன்," என்றான் கடையிலிருந்து ஒருவன். "தண்ணி ஏறினா குகை வாய் சின்னதாயிடும். உன் தொப்பையைக் கரையிலேயே வச்சிட்டுப் போ!"

சிரிப்பு எழுந்தது. ஷிமுனும் சிரித்தான். பெரினா சிரிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

மறுநாள் காற்று அதிகமில்லை. அதுதான் மோசம். வானம் ஈயத் தட்டாக இறங்கியிருந்தது. கடல் எண்ணெய் விட்டாற்போல் வழவழவென்று, நுரையே இல்லாமல், ஆழத்திலிருந்து ஏறி ஏறி இறங்கியது. படகில் வெயிலைத் தேடி வந்த வெளியூர் ஜனங்கள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. பிளாங்காவும் இருந்தாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம், குகையை இன்னொரு தடவை பார்த்தே தீர வேண்டுமாம். இவர்களெல்லாம் என்ன பாவம் செய்தார்கள் என்று பெரினாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போய்விட்டது. அவள் மடியில் அரளிப் பூக்கொத்து இருந்தது.

குகை வாயில் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். பாறை முதுகுகளை உரசுகிற மாதிரி போனது. பிறகு உள்ளே அந்த நீலம். கீழிருந்து ஒளிரும் தண்ணீர், எல்லாருடைய தாடையிலும் மூக்குக்கடியிலும் வெளிச்சம் அடித்து, முகங்களை வெட்டி எடுத்தாற்போல் காட்டியது. ஷிமுன் என்ஜினை அணைத்தான். சுவரில் தண்ணீர் சொட்டியது. அதே வாடை. வெயிலே படாத கல். பெரினாவின் விரல்கள் பூக்கொத்தின் காம்பை நசுக்கின.

"பூவைப் போட்டுடுக்கா, கிளம்பலாம்," என்றான் ஷிமுன் தணிந்த குரலில். இன்று அட்டையை எடுக்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "முதல்ல நீ கூப்பிடு."

"என்னது?"

"கூப்பிட்டேன் கூப்பிட்டேன்னு போலீஸ்கிட்ட சொன்னியே. எப்படிக் கூப்பிட்டே? நான் கேட்டதில்லையே. கூப்பிட்டுக் காட்டு."

"அக்கா, ஜனங்க இருக்காங்க, விடு."

"பயமாடா? வந்தவங்க போனவங்க எல்லாரையும் கத்த விட்டே. உன் தொண்டையில மட்டும் என்ன, மீன் முள்ளா?"

வெளியூர்க்காரர்களுக்குப் பாதிதான் புரிந்தது. ஏதோ வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். "ஷிமுன்! ஷிமுன்!" குகை அதை வாங்கித் திரும்பத் திரும்பச் சொன்னது. அவன் முகம் அந்த நீலத்தில் சுண்ணாம்பாக இருந்தது. ஊருக்குள் போய் இவள் என்ன சொல்வாள், ஷிமுன் பயந்தான் என்றா? அதைத் தாங்குகிற ஆம்பளை அந்தத் தீவில் பிறக்கவில்லை.

"லோவ்ரே," என்றான், வாய்க்குள்.

"கேக்கல."

"லோவ்ரே!"

எதிரொலி இல்லை.

குகை அந்தப் பெயரை மட்டும் திருப்பித் தரவில்லை. கை தட்டல் நின்றது. சுவரில் சொட்டுவது நின்றது. ஏறி இறங்கிய தண்ணீர் அப்படியே நின்றது.

படகின் அடிப்பலகைக்குக் கீழே, எல்லாருடைய பாதங்களுக்கும் அடியில், ஓர் ஆண்குரல் சாவகாசமாகச் சொன்னது.

"ஓய்."

தீவில் படகுக்குப் படகு பதில் கொடுக்கிற மாதிரி.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ விளிம்பைப் பிடித்து ஏறுகிற சாய்வு. பலகையில் ஈரம் பரவியது. அகலமான ஈரம். அது ஷிமுனை நோக்கி நகர்ந்தது. பெரினா கண்ணை மூடவில்லை. மூடியிருக்கலாம்.

"அலை ஏறிடுச்சுடா," என்றான் ஷிமுன், எதிரே இருந்த வெறுமையைப் பார்த்து. குழந்தைக் குரல். "படகுல ஜனங்க இருந்தாங்கடா. நான் என்ன பண்ணுவேன்? அக்கா, நீயாவது சொல்லேன்."

பின்னால் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. தண்ணீரில் விழுந்தான். சளப் என்ற சத்தம்கூட இல்லை.

ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஷிமுன் தூரத்தில், உட்பாறை ஓரமாகத் தலையைத் தூக்கினான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பிறகு அவன் கால்களை எதுவோ பிடித்திருப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"பெரினாக்கா! கயிறு! கயிறைப் போடு!"

கயிறு அவள் காலடியில்தான் கிடந்தது. நின்றிருந்த தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது. குகை வாயின் வெளிச்சம் குறுகியது. பெரினா சுக்கான் பக்கம் போய் உட்கார்ந்து என்ஜினைத் தட்டினாள். மீனவன் மகளுக்குப் படகு ஓட்ட யார் கற்றுத்தர வேண்டும்?

"அவர்?" என்றாள் பிளாங்கா.

"நீந்தி வெளிய வந்துடுவார். அதுதான் வேடிக்கையே."

எல்லாரும் சிரித்தார்கள். தலையைக் குனிந்தார்கள். பாறை உரசியது. வெளியே ஈயவானம். அவள் வயிற்றில் ஒரு வருஷமாக எரிந்தது அணைந்தது. சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், சந்தோஷம்தான். கூப்பிடட்டும். தொண்டை கிழியட்டும். எத்தனை நாள் கூப்பிடுகிறானோ கூப்பிடட்டும்.

"பெரினாக்கா!"

முனையைத் தாண்டினாள். குகை மறைந்தது.

"பெரினாக்கா!"

கலங்கரை விளக்கத்தைத் தாண்டினாள். குரல் குறையவில்லை. அதே சத்தம். அதே பக்கத்தில்.

படகில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் பின்னால் குகை இருந்த திசையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளை அல்ல, அவள் இடது தோளை. பிளாங்கா மெல்ல எழுந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, முன்பக்கம் போய்விட்டாள். பெரினாவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தோளில் கனம். குளிர். தூக்கக் கலக்கத்தில் சாய்ந்துகொள்ளும் தலை.

பெரினா திரும்பினாள்.

தலைமுடியில் பாசி. கண் இருந்த இடத்தில் நண்டுகள் வேலையை முடித்திருந்தன. தம்பி வீட்டுக்குத்தான் வருகிறான். கன்னத்தை அவள் தோளில் தேய்த்து இன்னும் வாகாகச் சாய்ந்துகொண்டான். உதடு இல்லாத அந்த வாய் மெதுவாக, அகலமாக, தாடை தொங்கத் திறந்தது. அதன் உள்ளே, வெகு ஆழத்திலிருந்து, ஷிமுன் கத்திக்கொண்டிருந்தான்.

"கயிறைப் போடுக்கா! பெரினாக்கா! கயிறைப் போடு!"